குயவனின் கழுதை

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி, உலோகத்தைப் பொருத்தி, இடையில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைத்து, மறுநாளே நோயாளியை வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலோர் சில மாதங்களில் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய்வரத் தொடங்கிவிடுகிறார்கள். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏறத்தாழ 1,700 நோயாளிகளைக் கேட்டு 2010இல் வெளியான ஆய்வில் 19 சதவீதத்தினர் திருப்தியில்லை என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் ஐந்தில் ஒருவர் என்ற கணக்கைச் சுற்றியே நிற்கின்றன. இவர்களில் பலருக்கு எக்ஸ்ரே சரியாக இருக்கும், தையல் ஆறியிருக்கும், கிருமித் தொற்று இருக்காது. வலி மட்டும் விடாது. அதே நாளில் அதே டாக்டரிடம் அறுவை செய்துகொண்ட பக்கத்துப் படுக்கைக்காரர் கைவீசி நடந்து போவார். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வி அப்போது எழும். மதங்கள் எல்லாமே பதில் சொல்ல முயன்ற கேள்வி அது. இப்போது ஆய்வுக்கூடமும் ஒரு பதில் வைத்திருக்கிறது.

அந்தப் பதில் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி. இடது ஓரத்தில் ‘25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி’ என்ற பெயர். நடுவில் தடித்த எழுத்தில் 11 என்றோ 14 என்றோ ஓர் எண். அதையொட்டிக் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. வலது ஓரத்தில், இருக்க வேண்டிய அளவு 30க்கு மேல் என்ற குறிப்பு. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்பது கணக்கு. இந்த 30 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. 2011இல் அமெரிக்காவின் இரண்டு அமைப்புகள் இரண்டு கோடுகள் போட்டன. மருத்துவக் கழகம் 20 போதும் என்றது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் 30 வேண்டும் என்றது. ஆய்வுக்கூடங்கள் பல பெரிய எண்ணையே பிடித்துக்கொண்டன. அதே சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலில் அந்த 30ஐக் கைவிட்டது. அச்சடித்த படிவங்களோ அதைப் பொருட்படுத்தவில்லை. அம்புக்குறியைக் கண்டதும் வாரத்துக்கு ஒன்றாக 60,000 யூனிட் பொடி பாக்கெட் எழுதப்படும்; பாலில் கலக்கிக் குடிக்கச் சொல்வார்கள். நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு நிம்மதி பிறக்கும், காரணம் தெரிந்துவிட்டதே என்று.

உண்மையில் தெரியவில்லை என்பதே என் வாதம். மூட்டு மாற்றிக்கொண்டவரின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருந்தால், அது பெரும்பாலும் அவருடைய உடல்நிலையின் அடையாளமே. அவர் தேறாமல் போனதற்கு அதைக் காரணமாக்க நம்மிடம் போதிய ஆதாரம் இல்லை. ஆதாரம் போதாதபோதும் அதைக் காரணமென்று ஏற்க நாம் காட்டும் அவசரம் மருத்துவத்துக்குள் பிறந்ததும் அல்ல. துன்பத்துக்கு ஒரு கணக்கு இருந்தாக வேண்டும் என்ற பழைய தாகம் அது; முன்பு வினை என்ற பெயரில் இருந்தது, இப்போது நானோகிராமில் வருகிறது. இதைச் சொல்வதற்கு முன், எதிர்த்தரப்பின் கையில் இருப்பதை ஒழுங்காக எடுத்து வைக்க வேண்டும். பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா, கொரியா எனப் பல நாடுகளின் எலும்பு மருத்துவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். மூட்டு மாற்ற வருபவர்களில் பெரும்பகுதியினருக்கு டி குறைவு; குறைந்தவர்களின் நடை, வலி பற்றிய மதிப்பெண்கள் மோசம்; மாற்றிய மூட்டில் சீழ் பிடித்தவர்களிடம் இந்தக் குறைவு இன்னும் அதிகம். ஆய்வுகள் சிறியவை, முடிவுகள் எல்லாம் ஒரே திசையில் இல்லை என்றாலும், குறைந்த டியும் மந்தமான தேறுதலும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதை மறுக்கத் தேவையில்லை. சேர்ந்து காணப்படுவதிலிருந்து காரணத்துக்குத் தாவலாமா என்பதில்தான் வழக்கு.

இந்த வழக்கை நம் தருக்க நூலார் வெகு காலத்துக்கு முன்பே விசாரித்திருக்கிறார்கள், அதுவும் கடவுளை முன்னிட்டு. பானைக்குக் குயவன் இருப்பதுபோல உலகுக்கும் ஒரு கர்த்தா இருக்க வேண்டும் என்று நியாய நூலாரும் சைவ சித்தாந்திகளும் வாதிட்டார்கள். சித்தாந்தக் கணக்கில் பானைக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். எதிரில் பௌத்தரும் மீமாஞ்சகரும் ஒவ்வொரு சொல்லையும் பிடித்து உலுக்கினார்கள். காரணம் என்ற கருத்தைத் தளர்வாக விட்டால் இறைவனுக்கான வாதமும் தளர்ந்துவிடும். ஆகவே நியாய நூலார் அதை மிக இறுக்கமாகக் கட்டினார்கள். காரணம் காரியத்துக்கு முன் தவறாமல் நிற்க வேண்டும். அதோடு வேறு வழியில் கணக்குத் தீர்ந்துபோகாததாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை கூர்மையானது. பானை பிறக்கும்போதெல்லாம் உடன் இருந்தும் காரணப் பட்டியலில் இடம்பெறாதவை உண்டு. கோலின் நிறம் அப்படிப்பட்டது: கோல் இருந்தால் அதற்கொரு நிறம் இருந்தே தீரும், ஆனால் சக்கரத்தைச் சுழற்றுவது நிறமல்ல. குயவனின் தகப்பன் இன்னொன்று. மண் சுமந்து வந்த கழுதை மற்றொன்று. எத்தனை பானைக்கு முன்னால் அது நின்றிருந்தாலும், கழுதையில்லாமல் தலைச்சுமையாக வந்த மண்ணிலும் பானை ஆகும். இவற்றை அன்னியதாசித்தம் என்று வகுத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இந்தத் தருக்கத்தைச் சுருக்கி எழுதிய தருக்கசங்கிரகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் தமிழாக்கிவிட்டார். எனவே இது நமக்கு அந்நியமான சரக்கு அல்ல. எடுத்துப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது அந்த ரிப்போர்ட் வரியை எடுத்துக்கொள்வோம். டி குறைந்தவர்கள் யார் யார்? உடல் பருமன் உள்ளவர்கள் (கொழுப்பில் கரையும் வைட்டமின் அங்கேயே தங்கிவிடுவதால் ரத்தத்தில் அளவு குறைந்து தெரியும்), வயது முதிர்ந்தவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், நாள் முழுவதும் வீட்டுக்குள் இருப்பவர்கள். இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும், டியைப் பற்றிப் பேசாமலே, அறுவைக்குப் பின் மெதுவாகத் தேறுவதை விளக்கப் போதுமானது. பருத்த உடலைச் சுமக்கும் மூட்டு சிரமப்படும். முதிய தசை மெதுவாக வலுப்பெறும். அதாவது கோல் வேறெங்கோ இருக்கிறது, நாம் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. முழங்கால் தேய்ந்தவர் வெளியே போகமாட்டார். மூன்று, நான்கு ஆண்டுகளாகவே மாடிப்படி இறங்குவதைத் தவிர்த்து, வாசல்வரை வந்து திரும்பிப் போகிறவரின் தோலில் வெயில் எப்படிப் படும்? தோலில் உள்ள ஒரு கொழுப்புப்பொருள் சூரியனின் புறஊதா ஒளி பட்டுத்தான் டியாக மாறுகிறது. ஆக மூட்டின் நிலைதான் எண்ணைக் கீழே இறக்கியிருக்கிறது. எவருடைய மூட்டு அதிகம் கெட்டிருந்ததோ அவருடைய எண் அதிகம் குறையும். அவரே அறுவைக்குப் பின்னும் அதிகம் சிரமப்படுவார். இங்கே காரியம் காரணத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அறுவைக்குப் பிறகு எடுக்கும் சோதனையில் இந்தக் குழப்பம் இன்னும் வெளிப்படையாகிறது. 2011இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் முழங்கால் மாற்றிக்கொண்ட 33 பேரின் ரத்தத்தை அறுவைக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து அளந்தார்கள். உடலில் அழற்சியைக் காட்டும் புரதம் எகிறிய அதே நாட்களில் டியின் அளவு ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்தது. அந்தச் சில நாட்களில் வெயில் குறைந்ததாலோ உணவு மாறியதாலோ அவ்வளவு சரிவு வராது. கத்தி பட்டதே சரிவுக்குப் போதுமாயிருந்தது. மூன்று மாதம் கழித்து அழற்சி அடங்கிய பிறகும் அளவு முழுதாக மீளவில்லை. அழற்சிக் காலத்தில் இந்த எண் உடலின் உண்மையான டி இருப்பைக் காட்டாது என்பதே அவர்களின் முடிவு. காரணம் காரியத்துக்கு முன் நிற்க வேண்டும் என்பது பாலபாடம். அறுவைக்குப் பின் ஆறாவது வாரம் எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டி, இதனால்தான் உங்களுக்குத் தேறவில்லை என்று சொல்லும்போது அந்தப் பாலபாடமே மீறப்படுகிறது. கழுதையாவது பானைக்கு முன்னால் வந்தது.

இதிலிருந்து வைட்டமின் டிக்கு எந்தக் காரணத் தன்மையும் இல்லை என்று எடுத்துக்கொண்டால் தவறு. கோலைக் கோல்தான் என்று நிறுவுவது எப்படி என்பதற்கு இதே வைட்டமினின் வரலாறுதான் சிறந்த பாடம். முதல் உலகப்போர் முடிந்த குளிர்காலத்தில் பெர்லினில் குழந்தைகள் கணை (ரிக்கெட்ஸ்) நோயால் கால் வளைந்து கிடந்தார்கள். குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் அவர்களைப் பாதரச விளக்கின் புறஊதா ஒளியில் கிடத்தினார். மாதக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது எலும்பு முனைகளில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருந்தது. ஒரு கையில் மட்டும் ஒளி பட வைத்தார். ஒளி படாத மறு கையின் எலும்பும் சேர்ந்து தேறியது. தோலில் உண்டான ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியாக உடல் முழுவதும் போகிறது என்று அதனால் தெரிந்தது. அதே 1919இல் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு உணவை மாற்றிக் கணை நோயை வரவழைத்தும், மீன் எண்ணெயால் போக்கியும் காட்டினார். கொடுத்தால் தேறுகிறது, எடுத்தால் வளைகிறது. தருக்க நூலார் அந்நுவயம், வெதிரேகம் என்று சொன்ன இரண்டும் கையில் வந்துவிட்டன. எலும்பில் சுண்ணாம்பு படிவதற்கு டி துணைக்காரணம் என்பதில் அதற்குப் பிறகு எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த நிரூபணம் கணை நோய்க்கும் பெரியவர்களின் எலும்பு மென்மை நோய்க்கும் உரியது. அதே சீட்டைக் காட்டி மூட்டு மாற்றியவரின் வலிக்கும் நடைக்கும் அனுமதி கேட்பது நியாயமல்ல.

அந்த அனுமதிக்கு வேறு சோதனை வேண்டும்: டி கொடுத்தால் தேறுதல் கூடுகிறதா? இங்கே ஆதாரம் ஏமாற்றம் தருகிறது. அமெரிக்காவில் 2023இல் வெளியான ஒரு சோதனையில் முழங்கால் மாற்றிக்கொள்ள வந்த நூற்றுச் சொச்சம் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை நாளன்று 50,000 யூனிட் டியும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். முதல் வாரங்களின் நடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒரே வேளை மருந்து என்ன செய்யும் என்று கேட்கலாம், கேள்வியும் சரிதான். ஆகவே பெரிய சோதனைகளைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வைட்டல் சோதனையில் 25,871 பேர் பங்கேற்றார்கள். தினமும் 2,000 யூனிட். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. 2022இல் வெளியான எலும்பு முறிவுக் கணக்கில் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசமில்லை. அதற்கு முன்பே, 2014இல், பிலிப் ஓட்டியே தலைமையில் பிரான்ஸிலிருந்து வந்த பெரும் தொகுப்பு ஒன்று கூர்மையான விஷயத்தைச் சொன்னது. மக்களை வெறுமனே பின்தொடர்ந்து கவனித்த 290 ஆய்வுகளில் டி குறைந்தவர்களுக்கு எலும்பு சாராத பல நோய்களும் அதிகம். கொடுத்துப் பார்த்த 172 சோதனைகளில் அந்த நோய்கள் பெரும்பாலும் அசையவே இல்லை. அவர்களின் கணிப்பு, குறைந்த டி உடல்நலக் கேட்டின் அடையாளம் என்பது. இத்தனை நோய்களில் சாட்சியாக வந்து நிற்கும் ஒன்று அவற்றில் பெரும்பாலும் குற்றவாளியாக இல்லாமல் போவது, கழுதைக்கே உரிய நடத்தை.

எதிர்வாதங்களில் வலுவானது இது: அந்தப் பெரிய சோதனைகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் டி குறையாதவர்கள். உண்மை. வைட்டல் சோதனையில் இருந்தோரின் சராசரி அளவே ஏறத்தாழ 30. 20க்குக் கீழே இருந்தவர்கள் சிறுபான்மை. நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, தண்ணீரால் பயனில்லை என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. இந்த எதிர்வாதத்தின் முன் என் வாதம் ஓரளவு பின்வாங்கியே ஆக வேண்டும். 10, 12க்குக் கீழே போனவருக்கு டி கொடுக்கத்தான் வேண்டும். அது ஹுல்ட்சின்ஸ்கியின் குழந்தைகளுக்கு நிரூபணமான அதே காரணத்துக்காக, எலும்புக்காக. எலும்பு மென்மை நோய் உள்ளவரின் இடுப்பிலும் காலிலும் வலி இருக்கும், தொடைத் தசை தளரும். அதை மூட்டு வலி என்று தவறாக எடுத்துக்கொண்டு அறுவை மேசைக்குக் கொண்டுபோவதும் நடக்கக்கூடியதே. அவரிடம் டி கோல்தான். ஆனால் இந்த ஒப்புதல் எவ்வளவு தூரம் போகும்? 22 வந்தவருக்கும் 27 வந்தவருக்கும் அதே அம்புக்குறியும் அதே பாக்கெட்டும் போகிறதே, அதை இது காப்பாற்றாது. ஒரு வாசலுக்குக் கீழே காரணமாக இருப்பது அந்த வாசலுக்கு மேலேயும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பிசைவதற்கு வேண்டிய அளவு ஈரம் மண்ணில் வந்த பிறகு மேலும் ஊற்றும் நீர் பானையை உறுதியாக்குவதில்லை.

அடுத்த எதிர்வாதம் உடலியலிலிருந்து வருகிறது. தசையிலும் நோய் எதிர்ப்பு அணுக்களிலும் டிக்கான ஏற்பிகள் இருக்கின்றன. கிருமியைக் கொல்லும் ஒரு புரதத்தை வெள்ளணுக்கள் சுரக்க டி தூண்டுகிறது என்று 2006இலேயே காட்டியாயிற்று. மாற்றிய மூட்டில் கிருமி புகுந்த எலிகளுக்கு முன்கூட்டியே டி கொடுத்தபோது தொற்று குறைந்தது. வழி தெரிகிறதே, பிறகென்ன? வழி தெரிவது ஒன்றைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கத்தான் உதவும், தீர்ப்புக்குப் போதாது. பீட்டா கரோட்டினுக்கும் இப்படித்தான் வழி தெரிந்தது. காய்கறி அதிகம் சாப்பிட்டு அது ரத்தத்தில் நிறைந்திருப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுக்குமேல் ஆய்வாக வந்தது. அணுக்களைக் காக்கும் அதன் வேதியியலும் தெரிந்திருந்தது. பின்லாந்தில் 29,133 புகைப்பவர்களிடம் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

அப்படியானால் புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதையும் நம்பக்கூடாதா, யாரையும் குலுக்கிப் போட்டுப் புகைக்கவைத்து அதை நிறுவவில்லையே என்று கேட்பார்கள். இது நல்ல கேள்வி. சேர்ந்து காணப்படுவதை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட முடியாது என்பதை நினைவூட்டுகிறது. 1950இல் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்து எழுதிய பிறகு, புள்ளியியல் மேதை ஃபிஷர் ஓர் உபாதியை, அதாவது மறைந்து நிற்கும் இன்னொரு கூறை, கற்பித்துத் தடுத்தார்: புகைக்கும் நாட்டத்தையும் புற்றுநோயையும் ஒரே பரம்பரைக் கூறு சேர்த்துத் தருகிறதோ என்று. தடை நியாயமானதே, விடையும் கிடைத்தது. அதிகம் புகைப்பவரின் ஆபத்து புகைக்காதவரைவிடப் பத்து மடங்குக்கு மேல். அவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்கும் மறைமுகக் கூறு எதையும் யாராலும் காட்ட முடியவில்லை. விட்டவர்களின் ஆபத்து ஆண்டுக்காண்டு இறங்கியது. ஹில் 1965இல் ஆற்றிய உரையில் இந்த மாதிரிச் சோதனைகளை வரிசைப்படுத்தினார்: தொடர்பு எவ்வளவு வலிது, எது முதலில் வந்தது, அளவு கூடக் கூட விளைவும் கூடுகிறதா, மாற்றினால் மாறுகிறதா. வைட்டமின் டியை அதே வரிசையில் நிறுத்துங்கள். தொடர்பு மிதமானது, எது முந்தியது என்பதே குழப்பம், மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் மாறவில்லை. மறைமுகக் கூறுகளை யாரும் கற்பிக்கவே வேண்டாம், வயதும் எடையும் வீட்டுச் சிறையும் கண்ணெதிரே நிற்கின்றன.

காரணமோ இல்லையோ, கொடுத்தால் என்ன கெட்டுவிடப்போகிறது, பாக்கெட் ஒன்றும் பெரிய விலையில்லை என்பது நடைமுறை எதிர்வாதம். மிதமான அளவில் பெரிதாக ஒன்றும் கெடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘கொடுத்தால் என்ன’ என்ற மனநிலை மிதத்தில் நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய 2,256 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தார்கள், எலும்பு முறிவு குறையும் என்ற நம்பிக்கையில். 2010இல் வெளியான முடிவில் டி எடுத்தவர்கள் கீழே விழுவது 15 சதவீதமும் எலும்பு முறிவு 26 சதவீதமும் கூடியிருந்தன. புது மூட்டோடு நடக்கப் பழகுகிறவருக்கு விழுவதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. இன்னொரு இழப்பு கணக்கில் ஏறாமல் போகிறது. காரணம் என்ற நாற்காலி ஒன்றுதான். தவறான ஆள் உட்கார்ந்துவிட்டால் சரியான ஆளைத் தேடுவது நின்றுவிடும். முழங்கால் மாற்றிய முதல் மாதத்தில் தொடையின் முன்தசை தன் வலுவில் பாதிக்குமேல் இழந்துவிடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். அந்த வலுவை மீட்க, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கட்டிலோடு அழுத்தி, தொடை இறுகுவதைக் கையால் தொட்டுப் பார்த்து ஐந்து எண்ணி விட வேண்டும். அலுப்புத் தட்டும் வேலை. பாக்கெட் அதைவிட எளிது. ஒன்டாரியோ ஆய்விலேயே அதிருப்தியோடு மிக நெருக்கமாக ஒட்டியிருந்தது நிறைவேறாத எதிர்பார்ப்பு. (அதுவும் சேர்ந்து காணப்பட்டதுதான்; கழுதையா என்று அதையும் கேட்க வேண்டும்.) என்ன எதிர்பார்த்து வந்தீர்கள் என்று கேட்க ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இப்போது, துன்பத்துக்குக் கணக்குத் தேடும் அந்தப் பழைய தாகத்துக்கு வருகிறேன். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற நாடோடித் துறவி புத்தரிடம் வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாமே முன்செய்த வினையின் பயன் என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறான். வினைக் கோட்பாட்டின் பெரும் ஆசிரியர்களில் ஒருவரிடமிருந்து ஆம் என்ற பதிலை எதிர்பார்ப்போம். அவர் மறுக்கிறார். பித்தத்தால் வரும் வேதனை உண்டு, சளியால் வருவது உண்டு, வாயுவால் வருவது உண்டு, மூன்றும் கூடி வருவது உண்டு, பருவ மாற்றத்தால், முறையற்ற பேணுதலால், பிறர் தாக்குதலால் வருவதும் உண்டு; வினைப் பயன் எட்டாவதாக வருகிறது. எல்லாம் வினையே என்பவர்கள் தாங்களே அறிந்ததையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. சைவ சித்தாந்தம் வேறு வழியில் ஏறக்குறைய அதே எச்சரிக்கைக்கு வருகிறது. வினை சடம், தானே வந்து ஒட்டாது, இறைவனே அறிந்து கூட்டுவிக்கிறான் என்று அது சொல்லும்போது, அடுத்த வீட்டுக்காரரின் வலியைப் பார்த்து ‘போன பிறவியில் என்ன செய்தாரோ’ என்று கணக்குப் பார்க்கும் உரிமை யாருக்கும் இல்லாமல் போகிறது. மதங்களே தங்கள் கோட்பாட்டை இவ்வளவு அடக்கத்தோடு பயன்படுத்தச் சொல்லியிருக்க, ஆய்வுக்கூட எண்ணுக்கு அந்த அடக்கத்தை நாம் கேட்பதில்லை. வினையிடமிருந்து எதிர்பார்த்த இரண்டையும் எண்ணிடமிருந்து எதிர்பார்க்கிறோம்: துன்பத்துக்கு ஒற்றைப் பெயர், அதைத் தீர்க்க ஒரு பரிகாரம். மூன்றாவது ஒன்று அழையாமலே கூட வந்துவிடுகிறது, அது குற்றச்சாட்டு. வெயிலில் நடந்திருக்கலாமே, பாக்கெட்டை வாரம் தவறாமல் குடித்திருக்கலாமே என்று வீட்டார் சொல்லத் தொடங்குவார்கள். நடக்க முடியாததால் வெயில் படாமல் போனவரிடம், வெயில் படாததால்தான் நடக்க முடியவில்லை என்று சொல்கிறோம்.

இதற்குமேல் ஒரு தத்துவ எதிர்வாதம் இருக்கிறது. சந்தேகத்தை இப்படி நீட்டிக்கொண்டே போனால் எந்த மருத்துவரும் மருந்து எழுத முடியாது என்பது. மிதிலையின் உதயணர் பத்தாம் நூற்றாண்டில் சார்வாகர்களுக்கு எதிராக நியாயகுசுமாஞ்சலியில் ஏறக்குறைய இதையே சொன்னார். நடத்தையோடு முரண்படும் இடத்தில் சந்தேகம் நின்றுவிட வேண்டும். புகைக்குத் தீ காரணமா என்று சந்தேகிப்பவனும் புகை வேண்டுமானால் தீயைத்தான் மூட்டுகிறான். அளவுகோல் நல்லது, அதையே வைத்துப் பார்ப்போம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நோயாளிக்கு மூட்டு மாற்று அறுவையைத் தள்ளிப்போடும் வழக்கம் உண்டு. சர்க்கரை சீழ்பிடிப்புக்குக் காரணம் என்று மருத்துவர்கள் மெய்யாகவே நம்புகிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. டி 14 என்பதற்காக அறுவைத் தேதி தள்ளிப்போவது அரிது. தேதியும் மாறாமல், பாக்கெட்டும் எழுதப்படுமானால், அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதை உதயணரே சொல்லிவிடுவார்.

என்ன ஆதாரம் வந்தால் இந்த வாதத்தைக் கைவிடுவேன் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் ஒரு மதமாகிவிடும். அறுவைக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கி, தினமும் மிதமான அளவில், உண்மையிலேயே டி குறைந்தவர்களுக்குக் கொடுத்து, மறுபாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்து, ஓராண்டு கழித்து யார் கைப்பிடியைப் பிடிக்காமல் படியேறுகிறார் என்று பார்க்க வேண்டும். கடினம் இதில்தான். 12க்குக் கீழே இருப்பவருக்கு வெற்று மாத்திரையைக் கொடுத்து ஓராண்டு காத்திருக்க எந்த அறநெறிக் குழுவும் சம்மதிக்கக்கூடாது. எலும்புக்கு வேண்டியதை மறுத்து மூட்டைப் பற்றித் தெரிந்துகொள்வது முறையல்ல. 20க்கு மேல் இருப்பவரிடம் சோதித்துப் பயனில்லை, அந்தப் பதில் ஏறக்குறைய வந்தாயிற்று. இடையில் 12க்கும் 20க்கும் நடுவே ஒரு குறுகிய பட்டை மிஞ்சுகிறது. அங்கேதான் கேள்வி உண்மையில் திறந்திருக்கிறது, சோதிப்பதும் முறையாக இருக்கும். அந்தப் பட்டையில் ஆள் கிடைப்பதற்கு நம் நாட்டில் பஞ்சமில்லை.